டைமிங் பெல்ட் மாற்றும்போது ஆயில் சீலையும் மாற்றணுமா?

மார்ச் 6, காலை (குடியாத்தம் வாசகர் கேட்டது)

1998 மாடல் மாருதி ஜென், கார்புரேட்டர் வண்டி. பெல்ட் மாற்றி ரொம்ப வருடம் ஆகிவிட்டது. பெல்ட் கவருக்கு அடியில் எண்ணெய் ஈரம், நிறுத்திய இடத்தில் காலையில் சொட்டு. இந்த மாதம் பெல்ட் மாற்றக் கொடுக்கிறேன். சீலையும் சேர்த்து மாற்றச் சொன்னால் மெக்கானிக், "அதைத் தொட்டா இன்னும் அதிகமா ஒழுகும் சார், பெல்ட்டு மட்டும் போதும்" என்கிறார். இதில் உண்மை இருக்கிறதா, இல்லை வேலைக்குச் சோம்பலா?

மார்ச் 6, இரவு

மாற்றுங்கள். கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) முன் சீல், கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன் சீல், இரண்டும். இந்த இரண்டு தண்டையும் சேர்த்து ஓட்டுவதுதான் டைமிங் பெல்ட்; தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல்.

சீலின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது. கூலி எல்லாம் பிரிப்பதில்தான் போகிறது: சக்கரம் கழற்றி, கிராங்க் புல்லி கழற்றி, கவர் கழற்றி, பெல்ட்டை இறக்கி. அத்தனையும் செய்தபிறகு சீல் கண்ணெதிரே நிற்கும். அதைப் பார்த்துவிட்டு அப்படியே கவரை மூடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

ஒழுகும் சீலை விட்டுவிட்டுப் புது பெல்ட் போட்டால் அந்தப் பெல்ட் எண்ணெயில் ஊறும். பெல்ட் ரப்பருக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் ஆகாது. ரப்பர் உப்பும், பல் பிய்யும், ஒருநாள் நடுரோட்டில் வண்டி நிற்கும். ஊறின பெல்ட்டைப் பெட்ரோல் ஊற்றித் துடைத்து மறுபடி மாட்டுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள், ரப்பருக்குள் போனது வெளியே வராது.

மார்ச் 7

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று யாராவது பார்த்தீர்களா? கவருக்கு அடியில் ஈரம் என்றால் எல்லாரும் சீல் என்றுதான் சொல்வார்கள். அந்த எஞ்சினில் மேலிருந்து கீழே வழிய வேறு வழிகளும் உண்டு.

முதல் சந்தேகம் டேப்பட் கவர், அதாவது எஞ்சினின் மேல் மூடி, அதன் பேக்கிங். முன் மூலையில் அது விட்டுப்போனால் எண்ணெய் ஹெட்டின் முகத்தில் இறங்கி, கேம் சீல் ஒழுகுவது போலவே தெரியும். அடுத்தது கேம் சீல். அதற்குக் கீழே கிராங்க் சீல், அது ஆயில் பம்ப் கேஸிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பம்ப் கேஸுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் பேக்கிங்கும் ஒழுகலாம். அது போயிருந்தால் நீங்கள் தங்கத்தில் சீல் போட்டாலும் ஈரம் நிற்காது. பம்பைக் கழற்ற சம்ப்பையும் (எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டி) இறக்கவேண்டும், வேலை வேறு அளவுக்குப் போய்விடும்.

கண்டுபிடிக்கிற வழி எளிது. எஞ்சின் முன்பக்கத்தை டீசலும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தமாகக் கழுவி, காயவிட்டு, மேல் கவரைத் திறந்து கேம் புல்லியைச் சுற்றி முகப் பவுடரைத் தூவுங்கள். குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வரை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பவுடர் எங்கே முதலில் கறுக்கிறதோ அதுதான் இடம். வீட்டில் பவுடர் டப்பா காணோம் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

மார்ச் 7, மாலை

கியர்பாக்ஸ் பக்கமும் ஈரம் இருப்பதாக இப்போது சொல்கிறீர்கள். கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கக் கிளம்பிவிடுவார்கள், கொஞ்சம் பொறுங்கள். கார்புரேட்டர் ஜென்னில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தருவது) கேம் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்தால் எண்ணெய் வழிந்து நேராக கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் மேல் விழும். கீழே படுத்துப் பார்க்கிறவனுக்கு அது பின் சீல் கசிவுதான். ஓ-ரிங் சில்லறைக் காசு. பின் சீல் நிஜமாகவே போயிருந்தாலும் கிளட்ச் மாற்றும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம், பெல்ட் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 9

ஆற்காட்டிலிருந்து ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார்: காய்ந்திருக்கும் சீலைத் தொடக்கூடாது, ஒழுகுவதை மட்டும் மாற்று, மற்றதை விட்டுவிடு. முப்பது வருடம் பட்டறை வைத்திருந்தவராம். சும்மா தள்ளிவிடக்கூடிய பேச்சு இல்லை.

என் எஸ்டீமில் நடந்ததைச் சொல்கிறேன். பெல்ட் மாற்றக் கொடுத்தபோது கேம் சீல் ஒழுகிக்கொண்டிருந்தது, கிராங்க் சீல் காய்ந்து கிடந்தது. பட்டறைக்காரர் ஆற்காட்டுக்காரர் சொல்லும் அதே நியாயத்தைச் சொல்லிக் கேம் சீலை மட்டும் மாற்றினார். அடுத்த கோடையில் கிராங்க் சீல் வியர்க்க ஆரம்பித்தது. மறுபடி சக்கரம், புல்லி, கவர் எல்லாம் இறங்கின. பெல்ட்டின் உள்பக்கம் பளபளவென்று எண்ணெய். ஓடிய தூரத்துக்கு அது புது பெல்ட்தான், ஆனாலும் தூக்கிப் போட்டேன். கூலி இரண்டு தடவை, பெல்ட் இரண்டு தடவை. முதல் தடவையே அந்த ஒரு சீலையும் மாற்றியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

அதனால் இரண்டும் ஒரே வயது, ஒரே சூடு தின்றவை, ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது என்பது என் கட்சி.

மார்ச் 10

ஆனாலும் ராத்திரி யோசித்துப் பார்த்தேன். ஆற்காட்டுக்காரர் பயப்படுவது சீலுக்காக இல்லை, அதைப் போடுகிற கைக்காக. சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலேயே ஒரு சான்ட்ரோ. பெல்ட் மாற்றும்போது, நன்றாக இருந்த சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, புதுசைச் சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். சீலின் உதட்டைப் பிடித்திருக்கும் மெல்லிய சுருள் ஸ்பிரிங் தட்டிய வேகத்தில் கழன்று உள்ளேயே விழுந்துவிட்டது. பழசு சொட்டுகூடப் போடாமல் இருந்தது, புதுசு ஒழுகியது.

ஆக, உங்கள் மெக்கானிக் "தொட்டா ஒழுகும்" என்று சொன்னால் அவர் பட்டறையில் அது நடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவரை வற்புறுத்திச் செய்ய வைப்பதைவிட, சீல் போட்டுப் பழகிய கையைத் தேடுவது நல்லது. கை சரியாக இருந்தால் இரண்டையும் மாற்று, கை சந்தேகமாக இருந்தால் காய்ந்ததை விட்டுவிடு. முதல் நாள் நான் எழுதியதை இப்படிக் கொஞ்சம் தளர்த்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 11

கெட்டியான ஆயில் ஊற்றினால் நிற்கும் என்று ஒருவர். கசிவை நிறுத்தும் மருந்து என்று கடையில் விற்பதை ஊற்றச் சொல்லி இன்னொருவர். அந்த மருந்து செய்வது ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைப்பது. கல்லாய் இறுகிய சீலிலும், அறுந்த உதட்டிலும் அதற்கு வேலை இல்லை. வண்டியை விற்கப் போகிறவர்களுக்குப் பிடித்த மருந்து அது, வாங்குகிறவர்கள் கவனிக்க.

மார்ச் 15

எப்படிக் கழற்றுவது, எப்படிப் போடுவது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்ததையும், என் வண்டியில் செய்ததையும் எழுதுகிறேன்.

முதலில் கிராங்க் புல்லியின் நடு போல்ட். அது லேசில் கழறாது. பல இடங்களில் நீளமான ராடை மாட்டித் தரையில் முட்டுக்கொடுத்துவிட்டு, சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் மோட்டார் பலத்தில் கழற்றுவார்கள். பார்க்கச் சாமர்த்தியம்தான். ராடு எகிறினால் ஃபெண்டரோ முழங்காலோ, ஏதோ ஒன்று போகும். ஃப்ளைவீலின் பல்லில் முட்டுக்கொடுத்துப் பிடிப்பதுதான் முறை. பெல்ட்டை மாட்டி வைத்துக்கொண்டு அதன் பிடிப்பில் போல்ட்டைக் கழற்றுவது கூடவே கூடாது, பல் கிழியும்.

பெல்ட்டை இறக்குமுன் கேம், கிராங்க் புல்லிகளில் உள்ள அடையாளப் புள்ளிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, பெயின்டால் நீங்களும் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் இறங்கியபின் கேமையோ கிராங்க்கையோ சும்மா சுற்றிப் பார்க்கக்கூடாது. பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

சீலை எடுக்குமுன் அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எடுப்பதற்குக் கொக்கி மாதிரி ஒரு கருவி வரும். அது இல்லாதவர்கள் சீலின் முகத்தில் உள்ள தகட்டில் சின்னத் துளை போட்டு, ஒரு ஸ்க்ரூவைத் திருகி, பிளேயரால் அந்த ஸ்க்ரூவைப் பிடித்து இழுப்பார்கள். துளை போடும்போது ட்ரில் பிட் ஷாஃப்டைத் தொட்டால் கதை முடிந்தது, கிரீஸ் தடவிய பிட்டை வைத்து மெதுவாகப் போடவேண்டும். கிரீஸ் தூளைப் பிடித்துக்கொள்ளும். சீல் உட்காரும் வளையம் அலுமினியம், அதில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் கீறல் விழுந்தால் புது சீலின் வெளிப்பக்கமாகவே எண்ணெய் வரும்.

ஷாஃப்டைத் துணியால் துடைத்து விரலால் தடவுங்கள். கிராங்க் முனையில் கீ (புல்லி நழுவாமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) உட்காரும் பள்ளம் ஒன்று உண்டு, அதன் ஓரம் கத்தி போல் இருக்கும். சீல் உதடு அதன்மேல் ஏறி வரும்போது கிழியும். அந்தப் பள்ளத்தின் மேல் செலோடேப்பை ஒரு சுற்று ஒட்டிவிட்டு, சீலை நுழைத்தபின் டேப்பை உருவுவார்கள். உதட்டில் எஞ்சின் ஆயிலை லேசாகத் தடவவேண்டும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எஞ்சினுக்குள் பார்க்கவேண்டும். திருப்பிப் போட்டவர்களும் இருக்கிறார்கள், ஊரைச் சொல்லமாட்டேன்.

உள்ளே தள்ளுவதற்குச் சீலின் வெளி விளிம்பு அளவுக்குப் பொருந்தும் பி.வி.சி. குழாய்த் துண்டு அல்லது பெரிய சாக்கெட். நாலு பக்கமும் சமமாக, சின்னச் சின்னத் தட்டல். பழைய ஆழத்துக்கு வந்ததும் நிறுத்து. கடைசியில் பெல்ட்டை மாட்டி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தன் பிடிப்பைப் பிடிக்கவிட்டு, கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, டென்ஷனரை இறுக்கி, புள்ளிகள் மறுபடி சேர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கவர்.

நடு போல்ட்டுக்குக் கையேட்டில் போட்டிருக்கும் டார்க் அளவு (எவ்வளவு இறுக்குவது என்ற கணக்கு) வேண்டும், டார்க் ரெஞ்ச் உள்ள பட்டறையாகப் பாருங்கள். சுசுகியின் இந்தக் குடும்ப எஞ்சின்களில் அந்தப் போல்ட் தளர்ந்தால் கீயும் பள்ளமும் தேய்ந்து, டைமிங் நகர்ந்து, கிராங்க் ஷாஃப்டே கெடும்.

மார்ச் 16

ஷாஃப்டைத் தடவினால் நகம் மாட்டுகிறது என்றால்? பழைய சீலின் உதடு ஒரே இடத்தில் வருடக்கணக்கில் தேய்த்து வாய்க்கால் வெட்டியிருக்கிறது. ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்கிறீர்கள். உதட்டுக்கு அடியில் மாட்டிய தூசி தேய்க்கும். மணல் லாரிக்குப் பின்னாலேயே ஓடும் வண்டிகளில் பாருங்கள்.

லேசான பள்ளம் என்றால் புது சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னே அல்லது பின்னே நிறுத்தி, உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம். ஆழமாக இருந்தால் ஷாஃப்டின்மேல் மெல்லிய எஃகு உறை போடுவது உண்டு. எஸ்.கே.எஃப். நிறுவனத்தின் ஸ்பீடி ஸ்லீவ் அந்த வகை, சுவர் 0.28 மி.மீ. கனம்தான் என்பதால் பழைய அளவு சீலையே போடலாம். வேலூரில் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். சென்னை புதுப்பேட்டை அல்லது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் விசாரிக்கவேண்டும்.

எமரி போட்டுத் தேய்த்துவிடலாமா என்றால், துரு இருந்தால் மட்டும், மிக நைஸான எமரியால், ஷாஃப்டின் சுற்றுவாக்கில். நீளவாக்கிலோ சாய்வாகவோ தேய்த்தால் அந்தக் கீறல்களே எண்ணெயை வெளியே இழுத்துவரும்.

மார்ச் 22

சீல் வாங்குவது பற்றி. முகத்தில் மூன்று எண் அச்சடித்திருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், கனம். அளவு சரியாக இருக்கிறது என்று கடைக்காரர் பம்ப்செட் சீலை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் சீக்கிரம் இறுக ஆரம்பிக்கும். எஞ்சினுக்குப் பாலிஅக்ரிலேட் அல்லது வைட்டான் வகை வேண்டும், வைட்டான் 200 டிகிரி வரை தாங்கும். பழுப்பு நிறமாக இருந்தால் வைட்டான் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நிறம் சாயத்தால் வருவது, எதற்கும் எந்தச் சாயமும் போடலாம். வண்டி கம்பெனியின் ஒரிஜினல் பாகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், விலை வித்தியாசம் ஒரு ஆம்பூர் பிரியாணி.

சில சீல்களின் உதட்டில் சாய்வான வரிகள் இருக்கும், சுற்றும் திசைக்கு ஒரு அம்புக்குறியும் இருக்கும். எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ள அந்த வரிகள். அம்புக்குறி எதிராக இருந்தால் வெளியே தள்ளும். இன்னொன்று: புது வண்டிகளில் வெள்ளையாக டெஃப்லான் உதடு வரும் சீல்களுக்கு எண்ணெய் தடவவே கூடாது, காய்ந்தபடியே போடவேண்டும். மேலே எண்ணெய் தடவச் சொன்னது ரப்பர் உதட்டுக்கு மட்டும்.

ஏப்ரல் 5

குடியாத்தம் வாசகர் வேலையை முடித்துவிட்டார். பவுடர் சோதனையில் கேம் சீல், கிராங்க் சீல் இரண்டுமே கறுத்தனவாம். காட்பாடியில் வேறொரு பட்டறையில் இரண்டும் மாற்றி, டென்ஷனரும் புதுசு, பெல்ட்டும் புதுசு. டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங் மாற்றியதும் கியர்பாக்ஸ் பக்கம் காய்ந்துவிட்டது. வாட்டர் பம்ப்பை ஆட்டிப் பார்த்ததில் ஆட்டம் இல்லை, விட்டுவிட்டார்கள். நான் இருந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லியிருப்பேன். அந்த எஞ்சினில் பம்ப்பைக் கழற்றப் பெல்ட்டை இறக்கித்தான் ஆகவேண்டும். சரி, அவர் பணம்.

மே 8

குடியாத்தம் வாசகரின் ஜென் மறுபடி ஒழுகுகிறதாம். கத்திரி வெயில் தொடங்கி நாலு நாள் ஆகிறது, எனக்கும் தலை சூடு, அவருக்கும் தலை சூடு. "மூன்று பேர் சொன்னதைக் கேட்டுச் செய்தேன்" என்று என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக் காய்ச்சியிருக்கிறார்.

ஆனால் அவர் எழுதியதில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது: குடியாத்தம், வேலூர் என்று சமவெளியில் ஓடும்போது காய்ந்தே இருக்கிறது, குடும்பத்தோடு ஏலகிரி போய்வந்த பிறகுதான் ஈரம். இதைப் படித்ததும் சீல்மேல் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. அங்கே பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஆள் நிறைய, ஏ.சி. வேறு. எஞ்சின் மூச்சு முட்ட இழுக்கும்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அது எல்லா எஞ்சினிலும் உண்டு. வெளியே போகத்தான் பிரீதர் குழாய் வைத்திருக்கிறார்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தப் பக்கம் இளக்கமோ அந்தப் பக்கம் எண்ணெயைத் தள்ளும். உதடு ஷாஃப்டை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது, அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவதற்காக அதை உருவாக்கவில்லை.

இதை அன்றைக்கே பட்டறையில் பார்த்திருக்கவேண்டும். சீல் இரண்டும் ஒரே சமயத்தில் ஒழுகியதே ஒரு துப்பு. வயதால் போயிருக்கலாம், அழுத்தத்தாலும் போயிருக்கலாம்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு மெல்லிய பாலிதீன் தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளே ஒட்டினால் சரி, மேலே தூக்கி எறிந்தால் அழுத்தம் இருக்கிறது. அப்புறம் டேப்பட் கவரிலிருந்து போகும் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். வாயைத் துடைக்கத் துணி வைத்துக்கொள்ளுங்கள். பி.சி.வி. வால்வு (அந்த வாயுவை வெளியே விடும் வழியில் உள்ள வால்வு) இருக்கும் வண்டி என்றால் அதைக் கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரவேண்டும், வராவிட்டால் உள்ளே கசடு பிடித்திருக்கிறது.

மே 8, இரவு

ஆயில் அளவையும் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் இதே கூத்துத்தான்.

மே 13

குழாய்தான். உள்ளே ரப்பர் உப்பி, கறுப்புக் கசடு சேர்ந்து, பென்சில் நுழையும் அளவுக்குக்கூட வழி இல்லையாம். புதுக் குழாய் போட்டு, டேப்பட் கவருக்குள் இருக்கும் தகட்டுத் தடுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவி மாட்டியிருக்கிறார்கள். பெல்ட் கவரைத் திறந்து பார்த்ததில் ஈரம் கவரின் அடிவிளிம்பில் மட்டும், பெல்ட் நனையவில்லை. நல்லவேளை. துடைத்துவிட்டு ஓட்டச் சொன்னேன்.

மே 29

மறுபடி ஏலகிரி ஏறி இறங்கியிருக்கிறார். காய்ந்திருக்கிறது என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறார். காய்ச்சும்போது மட்டும் பக்கம் பக்கமாக வரும்.

ஆற்காட்டுக்காரர் விடவில்லை: "பிரீதர்தான் காரணம் என்றால் பழைய சீலையே விட்டிருக்கலாமே?" விட்டிருக்கலாம், குழாயை முதலிலேயே பார்த்திருந்தால், கொஞ்ச நாளைக்கு. ஆனால் கழற்றிய சீல்களின் படத்தைக் குடியாத்தம் வாசகர் அனுப்பினார், உதடு விரலால் மடக்கினால் வெடிக்கிறது. அதை மறுபடி உள்ளே வைக்க என் மனசு ஒப்பாது. இனி யார் கேட்டாலும் நான் சொல்லும் வரிசை மாறும்: முதலில் பிரீதர், பிறகு பவுடர், கடைசியில் சீல்.

ஜூன் 2

ஸ்விஃப்ட் டீசலுக்கும் இதேபோலப் பெல்ட் மாற்றும்போது சீல் மாற்றலாமா என்று வாணியம்பாடியிலிருந்து கேள்வி. அந்த 1.3 டீசலில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின். ஆல்ட்டோ கே10-லும் செயின்தான். பழைய மாருதி 800, ஆம்னி, எஸ்டீம், சான்ட்ரோ, இண்டிகா டீசல், டஸ்டர் டீசல் இவற்றில் பெல்ட் உண்டு. இன்னோவாவில் பழைய 2.5-க்குப் பெல்ட், கிரிஸ்டா டீசலுக்குச் செயின். செயின் வண்டியில் கிராங்க் முன் சீல் ஒழுகினால் பொதுவாகப் புல்லியை மட்டும் கழற்றி வெளியிலிருந்தே மாற்றலாம், செயினைத் தொட வேண்டியதில்லை. யாராவது "செயின் செட் முழுசா மாத்தணும்" என்று மதிப்பீடு நீட்டினால், எதற்கு என்று கேளுங்கள்.